மூன்று பேருக்கு ஒரு 200 சிசி

யாழ்ப்பாணத்தில் பைக் வாங்கப் போகிறோம் என்று சொன்னால் யாரும் முதலில் வேகத்தைக் கேட்பதில்லை. "அதுக்குப் பாட்ஸ் கிடைக்குமோ?" என்றுதான் கேட்பார்கள். அப்பா கேட்பார், பக்கத்து வீட்டு மாமா கேட்பார், தேத்தண்ணிக் கடையில் முன்பின் தெரியாத ஐயாவும் கேட்பார். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு பழைய கதை இருக்கிறது என்பது பைக் எங்கள் கைக்கு வந்த பிறகுதான் மெல்ல மெல்ல விளங்கியது.

நாங்கள் மூன்று பேர், ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். 2021இல் ரியூசன் குடுத்த காசு, முதல் சம்பளம், சீட்டுக் காசு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பழைய 200 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்தோம். கம்பனிப் பெயர் வேண்டாம்; சொன்னால் வாசிக்கிற நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவீர்கள். நாலு வால்வ், தண்ணீரால் குளிராகும் எஞ்சின், காபரேற்றர், செல்ஃப் ஸ்ராட் மட்டும். கிக் இல்லை. வெளிநாடுகளில் 600 சிசியைத்தான் நடுத்தரம் என்பார்கள். 100உம் 125உம் ஓடுகிற எங்கள் ஒழுங்கைகளில் 200 பெரிய சாமான்.

ஏன் மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம்? 2020 மார்ச்சில் டொலரைக் காப்பாற்ற என்று அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு புது பைக் வரவில்லை. நாலைந்து வருடம் ஓடிய பைக்கை, அது புதிதாக வந்தபோது இருந்த விலையை விடக் கூட விலைக்கு விற்றார்கள். தனியாளாக வாங்க ஏலாது. லீசிங் எடுக்கலாம்தான். ஆனால் போருக்குப் பிறகு ஒவ்வொரு சந்தியிலும் முளைத்த லீசிங் கம்பனிகளுக்குத் தவணை கட்டியே களைத்துப்போன வீடுகளை நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். எனவே பங்கு. புத்தகம் ஒருவர் பெயரில், ஓட்டம் முறை வைத்து. பைக் சீற்றுக்குக் கீழே ஒரு 80 பக்கக் கொப்பி இருக்கிறது. யார் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எப்போது ஒயில் மாத்தியது, என்ன பிழை வந்தது, எப்படித் தீர்ந்தது எல்லாம் அதில்தான்.

அந்தக் கொப்பியில் அதிகம் எழுதப்பட்டிருப்பது உப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான். குடாநாட்டில் கடல் ஒருநாளும் தூரத்தில் இல்லை. பண்ணைப் பாதையால் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் போய்வந்தாலே பைக்கில் உப்பு ஏறிவிடும். செயின் செந்நிறமாகும், வயர்க் கனெக்ரர்களுக்குள் பச்சைப் பூஞ்சணம் மாதிரிச் செம்புக் கறள் பிடிக்கும். கடல் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, செயினுக்கு ஒயில் போடுவது எங்கள் சட்டம்.

நல்ல தண்ணீர் கழுவத்தான், ரேடியேற்றருக்குள் ஊற்ற அல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அடைத்தால் சூடு போகாது. பெரியாஸ்பத்திரி வீதியில் பத்து நிமிடம் ஊர்ந்தாலே சூட்டு விளக்கு எரியும். கூலன்ற் என்பது சும்மா கலர்த் தண்ணி இல்லை. அது கொதிநிலையைக் கூட்டும், உள்ளே கறள் பிடிக்காமலும் பார்க்கும். அது வாங்கக் காசில்லாத நாளில் பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணீரைக் கொஞ்ச நாளைக்குப் பாவிக்கலாம். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கொப்பியில் நீளமான பதிவு ஒன்று உண்டு. ஒரு பின்னேரம் ஊர்காவற்றுறையால் வரும்போது பண்ணையடியில் நிறுத்தினோம். பிறகு ஸ்ராட் வரவில்லை. பட்டனை அமத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். தள்ளி ஸ்ராட் பண்ணிக் கொண்டுவந்து மூன்று கராஜில் காட்டினோம். ஒருவர் பற்றறி போச்சு என்றார், ஒருவர் ஸ்ராட்டர் மோட்டர் என்றார், மற்றவர் றிலே என்றார். மூன்றும் விலையான சாமான். இறக்குமதி நின்ற காலத்தில் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், வருமா என்பதும் தெரியாது.

எங்களில் மின்பொறியியல் படித்தவள் ஒரு மல்ரிமீற்றரோடு வந்தாள். பற்றறி 12.7 வோல்ற், நல்லாய் இருக்கு. ஸ்ராட்டர் பட்டனை அமத்தும்போது பற்றறி செத்திருந்தால் அது 9, 8 என்று விழ வேண்டும். விழவில்லை. அப்படியென்றால் பற்றறி கொடுக்கத் தயார், கரண்ட்தான் எங்கேயோ தடைப்படுகிறது. அடுத்ததாக மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துப் பட்டனை அமத்தச் சொன்னாள். அந்த இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது. 3 வோல்ற் காட்டியது. ஏர்த் வயரை எஞ்சினோடு பூட்டும் நட்டைக் கழற்றினால், வளையம் முழுக்க உப்புக் கறள். உரஞ்சுகிற பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் தடவினோம். ஒரே அமத்தலில் ஸ்ராட். செலவு ஒரு பேப்பர்த் துண்டு.

இதைக் கராஜ்காரரைக் குறைசொல்ல எழுதவில்லை. ஒரு நாளைக்கு இருபது பைக் பார்க்கிறவருக்குச் சாமானை மாத்திப் பார்ப்பதுதான் சுருக்கமான வழி. ஆனால் சாமான் இல்லாத நாட்டில் அந்த வழி மூடிவிடுகிறது. அளந்து பார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

இப்படிச் சாமான் இல்லாமல் வாழ்வது இங்கே புதிதில்லை. 1990இல் மறுபடி போர் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, கரண்ட் இல்லை. அந்தக் காலத்தில் ஹொண்டா எம்.டி. 90 போன்ற சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் வழக்கமான கராஜ் அண்ணைக்கு அப்போது பதினாறு வயது. அவர் சொல்லுவார், "தம்பியவை, பெற்றோலைச் சொட்டுச் சொட்டாத்தான் கண்டனாங்கள். சின்னப் போத்திலுக்கை கொஞ்சம் வைச்சிருந்து காபரேற்றருக்கை பீச்சி ஸ்ராட் பண்ணுறது. எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெய் தன்பாட்டில பிடிக்கும்."

இதற்குக் காரணம் எளிது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயை பிளக்கின் பொறி பற்றவைக்காது. ஆகவே முதல் சூட்டைப் பெற்றோல் கொடுக்க வேண்டும். சூடான பிறகும் அது நிம்மதியாக எரியாது. எஞ்சின் 'நொக்' அடிக்கும், கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். இதெல்லாம் தெரிந்துதான் ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லை. எங்கள் பைக்கில் இந்த வித்தை சரிவராது. அதன் அழுத்த விகிதம் 11:1. அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் விட்டால் பிஸ்டன் தாங்காது. எங்கள் கையிலிருப்பது நல்ல சாப்பாடு கேட்கிற எஞ்சின்.

அந்தச் சாப்பாடும் 2022இல் இல்லாமல் போனது. செற்றுக்கு முன்னால் இரவிரவாக வரிசை. பிறகு கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எங்கள் பைக் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிலோமீற்றர் ஓடும். அப்படியென்றால் கிழமைக்கு 140 கிலோமீற்றர், மூன்று பேருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு இரண்டு தரம் போய் வந்தால் முடிந்தது. பைக் பாதி நாள் சும்மா நின்றது. நிற்கிற பைக்கின் காபரேற்றரில் தங்கிய பெற்றோல் மெல்ல ஆவியாகிப் பிசினாகும், அது ஜெற்றின் ஊசித் துளையை அடைக்கும். ஆகவே ஓடாத கிழமைகளில் காபரேற்றரின் அடிக்கிண்ணத்திலிருக்கும் சின்ன ஸ்குறூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதைப் போத்திலில் பிடித்துத் திருப்பித் தாங்கிக்குள் ஊற்றினோம். கரண்டி அளவுதான். ஆனால் அந்த நேரம் அதுவும் பெரிசு.

மொடிஃபை பண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கிழமையே நண்பர்கள் பட்டியல் தந்தார்கள். பின்னுக்கு அகல ரயர், சைட் கண்ணாடியைக் கழற்று, நம்பர் பிளேற்றை மேலே மடக்கு, சைலன்சரை மாத்து. ஒவ்வொன்றாக உட்கார்ந்து யோசித்தோம். ரிம்முக்குப் பொருந்தாத அகல ரயர் இரண்டு பக்கமும் நெரிபட்டு நடுவில் கூராகும். பார்க்க வடிவு, வளைவில் பிடிப்பு குறைவு. கூடுதல் வேகம் எங்களுக்கு எதற்கு? குடாநாடு தட்டை நிலம். றோட்டு நேராக இருக்கும், ஆனால் ஐம்பது அடிக்கு ஒரு ஒழுங்கை. ஒழுங்கைக்குள்ளிருந்து மாடு வரும், நாய் வரும், சைக்கிளில் அம்மா வருவா.

கணக்குப் பார்த்தோம். 60இல் போகும்போது ஒரு செக்கனில் 17 மீற்றர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் பிடிக்கும். நல்ல பிரேக், காய்ந்த றோட்டு என்றால் நிற்க இன்னும் 20 மீற்றர். மொத்தம் 37. அதே பைக் 100இல் போனால் நிற்க 80 மீற்றருக்கு மேல் வேண்டும். ஆகவே எங்கள் காசு போனது பிரேக் பாட், பிரேக் ஒயில், அதே அளவில் நல்ல ரயர், வெளிச்சமான ஹெட்லைற், மூன்று ஹெல்மெற் ஆகியவற்றுக்கு. ஆளுக்கொரு ஹெல்மெற், ஆளின் தலை அளவுக்கு. இதில் ஒன்றும் படத்தில் தெரியாது.

சைலன்சர் விசயம்தான் நீண்ட நாள் இழுபட்டது. சத்தம் பிடிக்காதவர்கள் எங்களில் இல்லை. அந்த எஞ்சின் 8,000 சுற்றில் பாடும்போது திறந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இரவில் பைக் சத்தம் வேறொன்றாகக் கேட்கும். வாளோடு வந்த குழுக்களின் கதைகளுக்குப் பிறகு, ஒழுங்கைக்குள் பெரிய சத்தத்தோடு பைக் திரும்பினால் அம்மம்மாக்கள் கேற்றைப் பூட்டுகிறார்கள். பொலிஸும் அதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2016 ஒக்ரோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில் மோட்டார் சைக்கிளில் போன யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸார் சுட்ட சம்பவத்தில் உயிரிழந்தார்கள். முதலில் அது விபத்து என்றே சொல்லப்பட்டது. அந்தச் சந்தியால் நாங்கள் இன்றும் போய் வருகிறோம். எங்கள் வீடுகளில் இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும் "எங்க நிக்கிறாய்?" என்ற அழைப்பு அந்த வருடத்திலிருந்து தொடங்கியது.

இதில் எங்களுக்கு ஒரு கோபமும் உண்டு. பைக்கில் போகும் பெடியன் என்றாலே வெளிநாட்டுக் காசில் கெட்டுப்போனவன், வாள் வைத்திருப்பவன் என்று பத்திரிகையும் பெரியவர்களும் எழுதிவைத்துவிட்டார்கள். எங்களில் ஆண்கள் ஓடும்போது மறிபட்ட தடவைகள் கொப்பியில் இருக்கின்றன. அவள் ஓடும்போது மறித்ததே இல்லை. ஆனால் அவளுக்கு வேறு மாதிரி. சந்தியில் நின்றால் ஸ்கூட்டி ஓடும் பிள்ளைக்குக் கிடைக்காத பார்வை கிடைக்கும், "உது உமக்குப் பாரமில்லையோ பிள்ளை?" என்ற விசாரிப்பும் கிடைக்கும். பைக் 150 கிலோதான், ஓடுகிறவர் அதைத் தோளில் சுமப்பதில்லை என்று அவள் பதில் வைத்திருக்கிறாள்.

சைலன்சரை மாத்தவில்லை. பயத்தினால் மட்டும் என்று சொன்னால் அது முழுக் காரணம் இல்லை. எங்கள் சந்தோசத்துக்காக ஒரு கிழவி நித்திரையால் எழும்பி யன்னலைச் சாத்த வேண்டுமா என்பதே கடைசியில் எங்கள் கேள்வியாக இருந்தது. மூன்று பேரும் அதற்கு ஒரே பதிலைச் சொன்னோம். அது இல்லாமலே பைக் எங்களுடையதுதான்; ஒவ்வொரு நட்டையும் எங்களுக்குத் தெரியும்.

2025 தொடக்கத்தில் இறக்குமதி திரும்பத் திறந்தது. கடைகளில் புது பைக்குகள் வந்துவிட்டன. காபரேற்றர் போய் இன்ஜெக்சன், ஏபிஎஸ் எல்லாம். எங்களில் ஒருவருக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு சரிவந்திருக்கிறது. பங்குக் காசு தேவை. மற்ற இரண்டு பேராலும் அதைக் கொடுக்க முடியுமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். முடியாவிட்டால் விற்பதுதான் வழி.

பழைய பைக் எடுக்கப் போகும் தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்ல நாலு விசயம் இருக்கிறது. முதலில் ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். பாட்ஸ் வாங்க முதல் அளவுங்கள். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடாதீர்கள். வேகத்துக்குச் செலவழிக்க முதல் பிரேக்குக்குச் செலவழியுங்கள். எது வந்தாலும் கொப்பியில் எழுதுங்கள்.

எங்கள் பைக்கை விற்க வேண்டி வந்தால் புத்தகத்தோடும் திறப்போடும் அந்தக் கொப்பியையும் கொடுப்பதாக முடிவெடுத்திருக்கிறோம். அதற்குத் தனி விலை இல்லை. ஏர்த் வயர் எந்த நட்டில் இருக்கிறது என்பது 23ஆம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது.