முதலில் இழை, பிறகு உப்பு

பால் திரிந்ததும் பிரிகிற தெளிநீரில் அதிகமாக இருக்கும் புரதம் பீட்டா-லாக்டோகுளோபுலின். ஆய்வகத்தில் நான் விரும்பிக் கையாளும் புரதமும் அதுதான். அதில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சரிக்குச் சரியாக இருப்பது பி.எச். 5.2-ஐ ஒட்டி. அமிலம் சேர்த்து 2-க்கு இறக்கினால் ஒவ்வொரு மூலக்கூறும் சுமார் 20 நேர்மின்சுமைகளோடு நிற்கும். உப்பே இல்லாமல் 90 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் புரதம் துண்டுபட்டு, அந்தத் துண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இழையாகின்றன. தடிமன் சில நானோமீட்டர். நீளமோ பல மைக்ரோமீட்டர்.

இந்தக் கட்டத்திலேயே உப்பு மிகுந்திருந்தால் நீண்ட இழை கிடைக்காது. புழுப்போல நெளிந்த குட்டை இழைகளே கிடைக்கும். அதனால்தான் வரிசை முக்கியம்.

ஆறிய கரைசல் தெளிவாக இருக்கும். குப்பியைச் சாய்த்தால் ஓடும். உள்ளே இழைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் நேர்மின்சுமை என்பதால் ஒன்றையொன்று நெருங்க விடுவதில்லை. சோடியம் குளோரைடு சேர்த்ததும் குளோரைடு அயனிகள் இழைகளைச் சூழ்ந்து அந்தச் சுமையை மறைக்கின்றன. விலக்குவிசை எட்டும் தூரம் 10 மில்லிமோலார் உப்பில் சுமார் 3 நானோமீட்டர். 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர்தான். இழைகள் குறுக்கிடும் இடங்களில் ஒட்டிக்கொள்ள, பின்னல் விழுகிறது. கரைசல் ஜெல்லாகிவிட்டது; இப்போது குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாது.

உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் விழுந்த இடத்தில் வெள்ளைத் திரிதிரியாகக் கட்டும், மற்ற இடம் நீராகவே நிற்கும். கரைசலை டயாலிசிஸ் பையில் ஊற்றி உப்புநீரில் மிதக்கவிட்டால் அயனிகள் மெல்ல உள்ளே இறங்கும்; ஜெல் ஒரே சீராக, கண்ணாடிபோல வரும். பி.எச். 5-ஐ நெருங்கினால் விலக்கமே அற்றுப்போய் இழைகள் கொத்துக்கொத்தாகத் திரளும், ஜெல் கலங்கும். விலக்கம் முழுதாக இருந்தாலும் ஜெல் இல்லை, முழுதாகப் போனாலும் நல்ல ஜெல் இல்லை.

கால்சியம் குளோரைடு சேர்த்தால் கதை வேறு. பி.எச். 7-இல் இழையின் சுமை எதிர்மின்சுமையாக மாறிவிடும்; அங்கே கால்சியம் இரண்டு இழைகளுக்கு நடுவே பாலமாகவும் நிற்கும். பி.எச். 2-இல் அதற்குப் பிடிமானம் இல்லை. அங்கே வேலை செய்வது கூடவரும் குளோரைடே.

ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குறிப்பேட்டில் புரதச் செறிவை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பி.எச்., உப்பின் பெயர், அதன் அளவு, சேர்த்த வேகம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அதே ஜெல்லை மறுபடி கட்ட முடியாது.