ஒண்டுக்கு மேல போடாதே: ரெனோ ஜாக்சனும் நாங்களும்

ரெனோ ஜாக்சன் எண்டு பேர் சொன்னால் எங்கட கூட்டம் இண்டைக்கும் ரெண்டாகப் பிரியும். ஹார்த்ஸ்டோனில் வந்த கார்ட்களிலேயே அழகானது அதுதான் என்பது ஒரு கட்சி. அது வந்த பிறகுதான் விளையாட்டு லொத்தர் சீட்டு மாதிரிப் போனது என்பது மற்றக் கட்சி. இதை எழுதுற நாங்கள் ரெண்டு கட்சியிலும் இருக்கிறம். அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதேங்கோ.

விளையாடாத ஆக்களுக்குச் சுருக்கமாக: ஹார்த்ஸ்டோன் 2014இல் பிளிசார்ட் வெளியிட்ட டிஜிட்டல் கார்ட் விளையாட்டு. உங்களிடம் இருக்கிற கார்ட்களில் 30ஐத் தெரிந்து ஒரு டெக் கட்ட வேணும். ஒரே கார்ட்டை ரெண்டு வரைக்கும் வைக்கலாம், லெஜண்டரி எண்டால் ஒண்டுதான். எதிராளியின் 30 உயிரையும் முடித்தால் வெற்றி.

அந்த 'ரெண்டு' சும்மா வந்த எண் இல்லை. வீட்டில 304 விளையாடும்போது இந்தப் பிரச்சினையே வராது. நாலு பேருக்கும் ஒரே கட்டு, 32 கார்ட், 30 புள்ளிக் கார்ட் நாலே நாலு. ஆனால் ஆளாளுக்குத் தன்ர கட்டைத் தானே செய்து கொண்டுவரலாம் என்றால், பலமான கார்ட்டையே அள்ளிப்போடத்தான் எவருக்கும் மனம் வரும். 1993இல் மேஜிக்: தி கேதரிங் வந்தபோது பிரதிகளுக்கு எல்லையே இருக்கவில்லை. அடுத்த வருசமே போட்டி விதிகளில் நாலுக்கு மேல் கூடாது என்று வந்துவிட்டது.

ஒரே கார்ட்டை ரெண்டு தரம் வைப்பதில் கிடைப்பது நம்பகம். முதலில் ஆடுகிறவர் மூன்று கார்ட்டோடு தொடங்குவார். ஒவ்வொரு சுற்றிலும் ஒண்டு எடுத்தால் ஆறாம் சுற்றில் ஒன்பது கார்ட் பார்த்திருப்பார். ஒரு கார்ட் டெக்கில் ஒண்டு இருந்தால் அதற்குள் அது வருகிற வாய்ப்பு 30 சதவீதம். ரெண்டு இருந்தால் கிட்டத்தட்ட 52. (தொடக்கக் கார்ட்களை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் ரெண்டுமே கொஞ்சம் கூடும்.)

2015 நவம்பரில் ரெனோ வந்தார். ஆறு மானா. உங்கட டெக்கில் எந்தக் கார்ட்டும் ஒண்டுக்கு மேல் இல்லையென்றால் உங்கட உயிர் முழுதாகத் திரும்பும். சாகப்போகிறவர் ஒரே கார்ட்டில் 30க்கு எழும்பிவிடுவார். அதற்கு விலையாக அந்த நம்பகத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க வேணும். 30 வேறுவேறு கார்ட், ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி. இது நல்ல பேரம் எண்டுதான் முதற்கட்சி இப்பவும் வாதாடும்.

ஆனால் ரெனோவும் அந்த டெக்கில் ஒண்டுதானே. அதே 30 சதவீதம்தான். ஆறாம் சுற்றில் அவர் வந்தால், வேகமாக அடித்து ஆடின எதிராளியின் அவ்வளவு உழைப்பும் போச்சு. வராவிட்டால் ரெனோக்காரர் செத்தார். ஆட்டத்தை வேறுபடுத்த வந்த கார்ட், 'வந்திட்டாரா, வரேல்லையா' என்ற ஒரே கேள்விக்குள் ஆட்டத்தைச் சுருக்கிவிட்டது. தோற்றவருக்கு, தான் எங்கே பிழை விட்டன் என்று தேடக்கூட ஒண்டும் இல்லை. எங்களுக்குள் வந்த சண்டைகளில் முக்கால்வாசி இதில தொடங்கினதுதான்.

சூழ்ச்சியும் இருந்தது. விளையாட்டு பார்ப்பது ரெனோவை இறக்கும் நேரத்தில் டெக்கில் மிஞ்சியிருக்கிற கார்ட்களைத்தான். ஆகவே ஒரு சோடியைத் துணிந்து வைத்து, அதில் ஒண்டு கைக்கு வரும்வரை காத்திருக்கலாம். மறுபக்கம், 2019இல் வந்த அல்பட்ரோஸ் கார்ட் செத்தால் எதிராளியின் டெக்குக்குள் ஒரேமாதிரி ரெண்டு பறவைகளைச் செருகிவிடும். சுத்தமாகக் கட்டின டெக்கில் திடீரென்று டூப்ளிகேட்! 2023இல் புது ரெனோ வந்தபோது நிபந்தனையை 'தொடங்கும்போது டெக்கில் டூப்ளிகேட் இல்லாவிட்டால்' என்று எழுதினார்கள். ஒரு சொல்லில் ரெண்டு வாசலும் அடைபட்டது.

எங்களுக்குப் பெரிதாகப் படுகிற பிரச்சினை வேறு. ரெண்டாவது பிரதியை விடுவது எவ்வளவு நட்டம் என்பது, அந்த இடத்துக்கு வேறு என்ன நல்ல கார்ட் இருக்கு என்பதில் தங்கியிருக்கிறது. 2017இலிருந்து வருசத்துக்கு மூன்று பெரிய தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 130 கார்ட் அளவில். பழைய எல்லாக் கார்ட்டும் செல்லுகிற வைல்ட் முறையில், ஒரு வேலைக்கு ஏறத்தாழ ஒரே தரத்தில் நாலைந்து கார்ட் கிடைக்கும். நிபந்தனை அதேதான், அதன் விலை மட்டும் வருசா வருசம் இறங்கிக்கொண்டே போகுது. பரிசு இறங்கவில்லை.

2016 டிசம்பரில் வந்த ராசா இதே நிபந்தனையில் ரெண்டு மானா ஹீரோ பவரை இலவசமாக்கியது. 2017 ஓகஸ்டில் ஷேடோரீப்பர் அண்டுயின் வந்தார். அவரின் ஹீரோ பவர் 2 உயிரைக் குறைக்கும், நீங்கள் ஒரு கார்ட் போடப்போட மறுபடியும் தயாராகும். ரெண்டும் சேர்ந்தால் போடுகிற ஒவ்வொரு கார்ட்டுக்கும் ஒரு இலவச அடி. 2018 பெப்ரவரியில் ராசாவின் 0ஐ 1 ஆக்கினார்கள். சரியான திருத்தம்தான், ஆனால் திருத்தினது பரிசை. நிபந்தனையைத் தொடவில்லை.

"ஒண்டு ஒண்டு போதும் என்றால் புதுசா வாறவைக்கு லேசுதானே?" எண்டு முதற்கட்சி கேட்கும். பார்வைக்கு அப்படித்தான். ரெனோவையும் பக்கெட் உடைத்துத் தேடத் தேவையிருக்கவில்லை, அப்போது 700 தங்கத்துக்கு அவர் வந்த பகுதியை வாங்க முடிந்தது. ஆனால் சாதாரணக் கார்ட் ஒன்றைச் செய்ய 40 டஸ்ட், லெஜண்டரிக்கு 1600. ஒரு லெஜண்டரியை உடைத்தால் திரும்புவது 400. வேகமான மலிவு டெக்கை 15 சோடிகளால் கட்டிவிடலாம். 30 வேறுவேறு நல்ல கார்ட் என்றால் பழைய சேகரிப்பு வேணும், அதுக்குள்ள நாலைந்து லெஜண்டரியாவது இருக்கும். ஆட்டத்துக்குள் மலிந்த நிபந்தனை, டெக் கட்டும் இடத்தில் ஏறிவிட்டது. புதிதாக வந்த தங்கச்சி சோடிகளோடு அடிக்க வருவா, ஆறாம் சுற்றில் அண்ணாவிடம் ரெனோ இருப்பார்.

அதனால் இப்ப எங்களுக்குள் ஆடும்போது ஒரு விதி வைத்திருக்கிறம்: ரெண்டு பக்கமும் ஒண்டுக்கு மேல் இல்லை, லெஜண்டரியும் இல்லை. ரெனோவும் லெஜண்டரிதான், ஆகவே அவரும் வெளியில. ஆட்டங்கள் நீளுது, சில நேரம் அலுப்பாகவும் இருக்கு. ஆனால் தோற்ற ஆள், "நாலாம் சுற்றில அதை வைச்சிருக்கோணும்" எண்டு திரும்பக் கணக்குப் பார்க்கிறா.