நின்ற நேரம்

அண்ணியின் நோட்டு, பையனுடைய பள்ளி நோட்டில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்களைத் தைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: எப்ப நின்னுச்சு, எப்ப ஓடுச்சு, ஏன்.

திண்டுக்கல் பழனி சாலையில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. தாத்தாவின் உளியும் கொட்டாப்புளியும் இன்னும் சுவரில் தொங்குகின்றன. பெயர்ப்பலகையில் 'அன் சன்ஸ்' அழியாமல் இருக்கிறது. உள்ளே அண்ணன் கடன் வாங்கிப் போட்ட சிஎன்சி ரூட்டர். தேக்கோ வேங்கையோ, பலகையை மேசையில் இறுக்கிவிட்டால், கணினியில் வரைந்த கஜலட்சுமியை மணிக்கணக்கில் செதுக்கித் தரும்.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. மிஷின் ஒரு மாதம் துணி மூடிக் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. "வித்துரலாம் அண்ணி" என்று முதலில் சொன்னது நான்தான். பெண்ணின் உழைப்பைப் பற்றி மேடைகளில் பேசும், கவிதை எழுதும் நான்.

"நின்னு கெடக்குற மிஷினை எவன் நல்ல வெலைக்கு வாங்குவான்? ஓடட்டும்மா. அப்புறம் பாப்போம்" என்றார்.

ஓடவைப்பது லேசாக இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பழுது பார்ப்பவர் வர இரண்டு நாளாகும். வந்தவரும் கேள்வியை அண்ணியிடம் கேட்கமாட்டார், பத்தாவது படிக்கும் பையனைப் பார்த்துத்தான் "என்ன தம்பி ஆச்சு?" என்பார். பையன் அம்மாவைப் பார்ப்பான். அண்ணி பதில் சொல்வார். அடுத்த கேள்வியும் பையனுக்குத்தான்.

ஒருநாள் கதவு பாதி செதுக்கியிருக்கையில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும், விட்ட இடத்தைத் தேடி மிஷின் தன் பூஜ்யத்துக்குப் போனது. அந்த இடத்தைக் காட்டும் சென்சாரில் மரத்தூள் அப்பியிருந்ததால் பூஜ்யம் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. லட்சுமியின் இடது கண் மூக்கில் இறங்கியிருந்தது. தேக்குப் பலகை போச்சு. அன்று ராத்திரிதான் அண்ணி நோட்டைத் தொடங்கினார்.

ஒரு மாதம் எழுதியபின் கூட்டிப் பார்த்தோம். பழுதினால் நின்ற நேரம்தான் அதிகமிருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிட் தேடினது. பலகை இழைக்காமல் இருந்தது. எந்த டிசைன் என்று வீட்டுக்காரர் முடிவு சொல்லாதது. மிஷின் நன்றாகத்தான் இருந்தது, ஆட்களுக்காகக் காத்துக்கொண்டு. அண்ணி செய்தது இவ்வளவுதான். ஒரு பலகை ஓடும்போதே அடுத்ததை இழைத்து, அளந்து, துளை போட்டு வைப்பது. பிட்டுகளை அளவுவாரியாக அஞ்சறைப்பெட்டியில் போடுவது (நிஜமாகவே அஞ்சறைப்பெட்டி, கல்யாணச் சீரில் வந்தது). ஒவ்வொன்றிலும் உபரியாக ஒன்று. காலையில் சென்சாரையும் தண்டவாளங்களையும் துடைத்து, கிரீஸ் இட்டு, ஸ்பிண்டிலைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று குழாயைத் தொட்டுப் பார்த்தபின்தான் சுவிட்ச். தண்ணீர் ஓடாமல் ஸ்பிண்டில் சுற்றினால் கருகிவிடும். பேப்பரில் அவர் முதலில் படிப்பது 'நாளைய மின்தடை'. அந்த நாளில் இழைப்பும் பாலிஷும் வைத்துக்கொள்வார்.

துடைக்கும்போதே தளர்ந்த போல்ட்டும் தேய்ந்த வயரும் கைக்குத் தட்டுப்படும் என்கிறார். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் செய்யிச்சி நகாஜிமா பெரிய முறையாகவே வகுத்த பாடம் இது: மிஷினை ஓட்டுகிறவரே அதைப் பராமரிக்க வேண்டும், சுத்தம் செய்வதே சோதிப்பதும். அண்ணிக்கு அந்தப் பெயர் தெரியாது. அடுப்பு துடைத்த கை.

இதைப் படிக்கப்போய் லில்லியன் கில்பிரெத்தைக் கண்டேன். ஆலை வேலையில் வீணாகும் அசைவுகளைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்த அமெரிக்கப் பெண், பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். அவருடைய மேலாண்மை உளவியல் நூல் 1914இல் வந்தபோது, பெண் என்று தெரியாதிருக்க, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். 1924இல் கணவர் இறந்தார். நிறுவனங்கள் ஒப்பந்தங்களை விலக்கிக்கொண்டன. பொறியியலில் பெண் பேச்சை யார் கேட்பது? அவர் சமையலறைகளை ஆராயப் போனார். அங்கே பெண் பேசலாம்.

வகுப்பில் புறநானூற்று 206ஆம் பாட்டை நடத்தும்போது கொஞ்சம் தடுமாறுகிறேன். வாயில்காவலன் முன்நின்று ஔவை, தம்மைப் போன்றவர்களை மரவேலை தெரிந்த தச்சனின் பிள்ளைகளுக்கு ஒப்பிடுகிறார். கோடரி இருந்தால் காடு எந்தப் பக்கமும் உண்டு. 'சிறாஅர்' என்ற சொல்லுக்கு இத்தனை வருடமும் 'மகன்கள்' என்றே பொருள் சொல்லிவந்திருக்கிறேன். சொல்லில் அப்படி ஒன்றும் இல்லை. பாடியவரோ ஒரு பெண்.

நோட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. மத்தியானம்தோறும், நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்: 'அவருக்குச் சாப்பாடு'. மிஷினை விட்டுத் தள்ளி நிற்க முடியாததால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மற்ற காரணங்களின் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று பென்சிலால் குறித்திருந்தார். இதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"இதை ஏன் அண்ணி எழுதுனீங்க?"

"நின்னுச்சுல்ல. நின்னா எழுதணும்ல."

அண்ணன் அதைப் படித்தாரா, தெரியாது. ஒருநாள் இடது கையால் கரண்டி பிடித்துப் பார்த்தார். சட்டையெல்லாம் ரசம். யாரும் பேசவில்லை. மறுநாளும் பிடித்தார்.

போன வாரம் நோட்டைப் புரட்டினேன். 'பிட் தேடினது' மாதக்கணக்காக இல்லை. 'அவருக்குச் சாப்பாடு' இருக்கிறது, வாரத்தில் நான்கு நாள். செவ்வாயும் வியாழனும் எனக்கு மத்தியான வகுப்பு இல்லை, நான் போகிறேன். சனிக்கிழமை பையன். முதல் வாரம் நான் இருபது நிமிடம் தாமதம். அதையும் எழுதியிருக்கிறார், என் பெயரைப் போட்டு.