கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாமா?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. ரொம்ப நாளா பாதியிலயே கிடந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதி முடிச்சுடறேன். விஷயம் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை. "ஐயே, இதையெல்லாமா எழுதுவாங்க"ன்னு நெளியறவங்க தாராளமா வேற ஏதாவது படிக்கப் போகலாம். ஆனா உங்க வீட்டுல அக்கா, தங்கச்சி, மகள்னு யாராவது எப்பப் பார்த்தாலும் தோள் வலிக்குது, கழுத்து வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா, ஒரு பத்து நிமிஷம் இங்கயே இருங்க.

நான் எம்.பி.பி.எஸ். மூணாவது வருஷம். டாக்டர் இல்லை, டாக்டருக்குப் படிக்கிறவ. என்னோட பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி பி.காம். படிக்கிறா. பேர் வேண்டாம். போன வருஷம் அவளுக்கு 20 வயசுல இந்த ஆபரேஷன் நடந்தது. ஓபி வரிசையில இருந்து கட்டுப் பிரிக்கற வரைக்கும் கூடவே இருந்தேன். எழுதினதை அவகிட்ட காட்டி, அவ ரெண்டு வரியை அடிச்சுட்டு "ம், போடு"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இது வெளிய வருது.

அவளுக்கு என்ன பிரச்சினை? மேல் முதுகுலயும் கழுத்துலயும் ஓயாத வலி. உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி ரெண்டு தோள்லயும் விரல் வைக்கிற அளவுக்குப் பள்ளம். வெயில் காலம் வந்தா மார்புக்கு அடியில வேர்வை தங்கி படை, புண். சாயங்காலம் ஆனா சில நாள் விரல் மரத்துப்போகும். பாடப்புத்தகத்துல இந்த நிலைக்கு மேக்ரோமேஸ்டியான்னு பேர். அவ வீட்டுல இதுக்குப் பேரே கிடையாது. தைலம், ஒத்தடம், "நிமிர்ந்து உட்காருடி" இவ்வளவுதான் மருத்துவம்.

முதல்ல பார்த்த எலும்பு டாக்டர் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு "எலும்பு நல்லா இருக்கு"ன்னு அனுப்பிட்டார். ரெண்டாவது டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காம "வெயிட் குறைங்க"ன்னார். உடம்பு எடை அதிகமா இருந்தா குறைக்கறது நல்லதுதான், ஆபரேஷனுக்கும் அது உதவும். ஆனா இளம் வயசுல மார்பகத்துல கொழுப்பைவிட சுரப்பித் திசு அதிகம். உடம்பு இளைச்சாலும் அது அதே அளவுக்கு இளைக்காது. ஓடினா வலி, அதனால ஓடறதில்லை. ஓடாததால எடை ஏறுது. இந்த வட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு "வெயிட் குறை"ன்னு சொல்றது ரொம்ப சுலபம்.

இது அழகு சமாச்சாரம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப். 2009ல, 17 வயசுல இந்த ஆபரேஷன் செஞ்சுக்கிட்டாங்க. முதுகு வலிக்குது, பந்துக்கு ஓடறதுல வேகம் குறையுதுன்னு அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. பின்னாடி 2018ல பிரெஞ்சு ஓப்பன், 2019ல விம்பிள்டன் ஜெயிச்சாங்க. ஆபரேஷனாலதான் கப் கிடைச்சதுன்னு சொல்ல வரலை. சுமை சுமைதான், அதை இறக்கி வைக்கணும்னு நினைக்கிறதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லைங்கறதுக்காகச் சொல்றேன்.

கடைசியா திருச்சியில ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போனோம். தோழி, அவ அம்மா, நான். டாக்டரம்மா முதல்ல பண்ணின காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எங்க ரெண்டு பேரையும் வெளிய உட்கார வெச்சுட்டு அவகிட்ட மட்டும் பதினஞ்சு நிமிஷம் பேசினாங்க. இது யாருடைய விருப்பம்? யாராவது கேலி பண்ணினாங்கன்னு வந்தியா, வலின்னு வந்தியா? சாப்பாட்டை ஒதுக்கறியா? உடம்பைப் பத்தின அளவுக்கு மீறின வெறுப்பு இருந்தா அதுக்கு முதல்ல மனநல சிகிச்சை வேணும், கத்தி அதைச் சரிபண்ணாது. சின்ன வயசுப் பொண்ணுங்க விஷயத்துல இந்தத் தனிப்பேச்சைத் தவிர்க்கவே கூடாது.

அப்புறம் ரெண்டாவது கேள்வி: வளர்ச்சி நின்னுடுச்சா?

இளம் வயசுல இந்த ஆபரேஷனுக்கு இருக்கற பெரிய மருத்துவக் கேள்வியே இதுதான். மார்பகம் இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கும்போதே குறைச்சா, மறுபடி வளர்ந்து இன்னொரு ஆபரேஷன்ல போய் நிக்கலாம். அதனால பொதுவா, வயசுக்கு வந்து சில வருஷம் ஆகியிருக்கணும், குறைஞ்சது ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷமாவது உள்ளாடை அளவு மாறாம இருக்கணும், உடம்பு எடையும் ஒரே நிலையில இருக்கணும்னு பார்ப்பாங்க. அவளுக்கு மூணு வருஷமா அளவு மாறலை. பாஸ்.

ஒரு விதிவிலக்கும் இருக்கு. பருவ வயசுல சில பேருக்குச் சில மாசத்துலயே மார்பகம் கட்டுக்கடங்காம பெருசாகும். ரத்தத்துல ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், திசுதான் அதுக்கு அதிகமா எதிர்வினை காட்டுதுன்னு சொல்றாங்க. தோல் இழுபட்டு, புண் வரைக்கும் போகலாம். அந்த மாதிரி கேஸ்ல "வளரட்டும், பார்க்கலாம்"னு வருஷக்கணக்கா காத்திருக்க முடியாது. திரும்ப வளர வாய்ப்பு உண்டுன்னு தெரிஞ்சே சீக்கிரம் ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். ஒரு பக்கம் மட்டும் திடீர்னு பெருசானா உள்ள கட்டி இருக்கான்னும் பார்க்கணும். இந்த வயசுல அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாங்கற புற்றுநோய் இல்லாத கட்டியா இருக்கும். அப்போ கட்டியை மட்டும் எடுத்தா போதும், ஆபரேஷனே வேற. அதனாலதான் முன்னாடியே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இளம் வயசுல திசு அடர்த்தியா இருக்கறதால மேமோகிராம் அவ்வளவா உதவாது. எடுத்த திசுவையும் பரிசோதனைக்கு அனுப்பணும்.

இப்போ அம்மா விஷயம். ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ராத்திரி அவங்க எனக்கே போன் பண்ணினாங்க.

"கண்ணு, நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியும். நாளைக்கு இவளுக்கு ஒரு குழந்தை பொறந்தா பால் குடுக்க முடியுமா? மாப்பிள்ளை வீட்டுல தழும்பைப் பார்த்துக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாமே..."

மூணு வாக்கியம். எனக்கு உடனே கோவம்தான் வந்தது. ஆனா யோசிச்சுப் பார்த்தா, முதல் கேள்வி ரொம்ப நியாயமான மருத்துவக் கேள்வி. அதை டாக்டர்கிட்ட கேட்காம போயிருந்தா நாங்கதான் முட்டாள்.

பதில், எந்த முறையில பண்றாங்கங்கறதைப் பொறுத்தது. பெரும்பாலான முறைகள்ல காம்பைத் தனியா வெட்டி எடுக்கறதில்லை. ரத்தக்குழாய், நரம்பு, பால் சுரப்பி எல்லாம் சேர்ந்த ஒரு திசுத்தண்டோட அதை அப்படியே ஒட்டவெச்சு மேல நகர்த்துவாங்க, சுத்தி இருக்கற அதிகத் திசுவை எடுப்பாங்க. 2017ல 51 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. காம்புக்கு அடியில இருக்கற திசுத்தூணை முழுசா விட்டுவைக்கற முறைகள்ல, தாய்ப்பால் கொடுக்க முடிஞ்சவங்க விகிதத்தோட நடு அளவு 100 சதவீதம். பாதி விட்டுவெச்சா 75. சுத்தமா விட்டுவைக்கலைன்னா வெறும் 4. இதுல ஏதோ கொஞ்சம் கொடுத்தவங்களும் அடக்கம், முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே போதுமானதா இருந்ததுன்னு அர்த்தமில்லை. ஆனாலும் 100க்கும் 4க்கும் இருக்கற தூரத்தைப் பாருங்க. ரொம்பப் பெரிய அளவா இருந்தா காம்பைத் தனியா எடுத்து ஒட்டுப் போடற முறையும் உண்டு. அதுல பால் கொடுக்கறதும் உணர்ச்சியும் பெரும்பாலும் போயிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "எந்த முறை பண்ணப் போறீங்க? எனக்குப் பின்னாடி பால் கொடுக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி பண்ண முடியுமா?" இதை அவ கேட்டா. டாக்டரம்மா பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டினாங்க. அம்மாவும் எட்டிப் பார்த்தாங்க.

தழும்பு? உண்டு, கண்டிப்பா உண்டு. பழைய முறையில நங்கூரம் மாதிரி. சின்ன முறையில காம்பைச் சுத்தி ஒரு வட்டம், அதுல இருந்து கீழ ஒரு கோடு. முதல் சில மாசம் சிவந்து தடிச்சு இருக்கும், மங்க ஒரு வருஷம் ஆகும். நம்ம ஊர்த் தோலுக்குத் தழும்பு தடிக்கற குணம் கொஞ்சம் அதிகம். காது குத்தின இடமோ அம்மை ஊசி போட்ட இடமோ கீலாய்டு ஆகியிருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

மூணாவது வாக்கியம்தான் எனக்கு ஒப்பலை. கர்ப்பத்துல மார்பகம் மறுபடி அளவு மாறலாம், அது உண்மை. ரெண்டொரு வருஷத்துல குழந்தை பெத்துக்கற திட்டம் இருந்தா காத்திருக்கறது நியாயம். ஆனா மாப்பிள்ளையே இல்லாத வீட்டுல, தேதி தெரியாத ஒரு கல்யாணத்துக்காக, ஒரு பொண்ணு தினமும் முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கணுமா? அஞ்சு வருஷமா? எட்டு வருஷமா? மருத்துவத்துக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு: வளர்ச்சி நின்னாச்சா, எடை நிலையா இருக்கா, ரத்தம் எல்லாம் சரியா, அவளே விரும்பறாளா. அந்தக் காலண்டர்ல முகூர்த்த நாள் எங்கயும் குறிக்கலை.

அமெரிக்காவுல பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காரங்க 12ல இருந்து 21 வயசுக்குள்ள இருக்கற பெண்களை ஆபரேஷனுக்கு அப்புறமும் தொடர்ந்து கவனிச்சு எழுதியிருக்காங்க. வலி குறைஞ்சுது, தன்னம்பிக்கை கூடினுச்சு, அதுவும் உடம்பு எடை எதுவா இருந்தாலும்னு சொல்றாங்க. 18க்குக் கீழ இருந்தா பெத்தவங்க கையெழுத்து வேணும். இவளுக்கு 20. சம்மதப் பத்திரத்துல கையெழுத்து இவளோடது. ஆனாலும் அம்மா சரின்னு தலையாட்டற வரைக்கும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா. அது அவ முடிவு.

காசு விஷயம் சுருக்கமா. 2019ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விலக்குகளுக்கு ஒரே மாதிரி வாசகம் கொண்டுவந்தது. அதுல 8ஆம் நம்பர், காஸ்மெட்டிக், பிளாஸ்டிக் சர்ஜரி. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க அவசியம்னு சிகிச்சை தர்ற டாக்டர் சான்று கொடுத்தா உண்டு, இல்லைன்னா இல்லை. நாள்பட்ட முதுகுவலி "உடனடி" ஆபத்தா? இவ கம்பெனி "இல்லை"ன்னு மடக்கி அனுப்பிடுச்சு. அவ அப்பா சேமிப்புல கை வெச்சார். எல்லாருக்கும் அந்த வசதி இருக்காது. 2018 பிப்ரவரியில சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில தமிழ்நாடு அரசு மார்பக அறுவை சிகிச்சைக்கு இலவச கிளினிக் ஆரம்பிச்சப்போ, "அழகுக்கெல்லாமா அரசுப் பணம்?"னு விமர்சனம் வந்தது. அப்படிக் கேட்டவங்க யாரும் அந்தத் தோள் பள்ளத்தைப் பார்த்திருக்க மாட்டாங்க. அரசு மருத்துவக் கல்லூரிகள்ல பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கற இடத்துல கேட்டுப் பார்க்கறதுல தப்பே இல்லை.

ஆபரேஷன் டிசம்பர் லீவுல. முழு மயக்கம், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். ஒரு பக்கம் 620 கிராம், இன்னொரு பக்கம் 590. மொத்தம் ஒண்ணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஒண்ணேகால் கிலோ அரிசியைக் கழுத்துல கட்டிக்கிட்டு ஒரு நாள் காலேஜ் போய்ட்டு வாங்க, புரியும். ரெண்டு வாரத்துல வகுப்புக்குப் போனா. ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது, ராத்திரியும் இறுக்கமான சப்போர்ட் உள்ளாடை.

எல்லாம் சுபம்னு முடிக்க மாட்டேன். ரெண்டு தையல் கோடும் சேர்ற முனையில ஒரு பக்கம் புண் பிரிஞ்சு, கூடுதலா மூணு வாரம் டிரெஸ்ஸிங் பண்ண வேண்டி வந்தது. இது இந்த ஆபரேஷன்ல சகஜமா வர்ற சிக்கல்தான். ரத்தக்கட்டு, தொற்று, ரெண்டு பக்கமும் சமமா இல்லாம போறது, இதுக்கெல்லாமும் வாய்ப்பு உண்டு. புகைபிடிக்கறவங்களுக்கும் எடை அதிகமா இருக்கறவங்களுக்கும் புண் ஆற இன்னும் கஷ்டம். இவளுக்கு இடது பக்கம் உணர்ச்சி இன்னும் முழுசா திரும்பலை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டா. "வருத்தமா இருக்காடி?"ன்னு கேட்டேன். "இடது பக்கத்துக்காகக் கொஞ்சம். முதுகுக்காக ஒரு நாள்கூட இல்லை"ன்னா.

உங்க வீட்டுல யாராவது இந்த நிலையில இருந்தா, ஆபரேஷன் பண்ணுங்கன்னோ பண்ணாதீங்கன்னோ நான் சொல்லப்போறதில்லை. முதல்ல வலின்னு சொன்னா நம்புங்க. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. வளர்ச்சி, ஸ்கேன், முறை, பால், தழும்பு, உணர்ச்சி... இந்த ஆறையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. பதிலைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியது அந்தப் பொண்ணு.

டிஸ்கி: மேல இருக்கறது ஒரு மாணவி படிச்சதும் பக்கத்துல இருந்து பார்த்ததும். உங்க உடம்புக்கு உங்க டாக்டர்தான். பையன்களுக்கும் மார்பு பெருசாகற பிரச்சினை உண்டு, அது பருவ வயசுல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா சரியாகிடும். கேலி பண்ற நண்பர்கள்தான் அவ்வளவு சீக்கிரம் சரியாகறதில்லை :-) அதைப் பத்தி இன்னொரு நாள்.