மருந்து அளக்கும் கை

தமிழில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று வைத்தியர் வீடு. மற்றொன்று வேட்டுக்காரர் வீடு. நோய் தீர்க்கும் பொடியையும், கல்லைப் பிளக்கும் பொடியையும் நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தனர். இது தமிழரின் விந்தை மட்டுமன்று. சீனர் இதற்கு இட்ட பெயருக்கும் ‘நெருப்பு மருந்து’ என்பதே பொருள். அரபியில் வெடிமருந்துக்கு இன்று வழங்கும் ‘பாரூத்’ என்னும் சொல்லோ, முதலில் வெடியுப்பைக் குறித்து ஒரு மருத்துவ நூலில்தான் தலைகாட்டுகிறது. ஸ்பெயின் நாட்டு மலாகாவில் பிறந்து 1248-இல் மறைந்த இப்னுல் பைத்தார் தமது மூலிகை அகராதியில் அதைச் சொல்லி, எகிப்து நாட்டுப் பழைய வைத்தியர்கள் அதனைச் ‘சீனப் பனி’ என்று அழைத்தார்கள் என்றும் குறித்து வைத்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் என்பவர், அவ்வுப்பை மரச்சாம்பலிட்டுக் காய்ச்சித் தூய்மை செய்யும் முறையை விரிவாக எழுதினார். துப்பாக்கி என்னும் சொல் துருக்கியிலிருந்தும், பீரங்கி என்னும் சொல் பரங்கியரைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் நம்மிடம் வந்து குடியேறியவை. சொற்கள் வந்த வழியே பொருள்களும் வந்தன.

அவ்வாறு வந்த பொருள் திண்டுக்கல்லில் தங்கிய இடத்தை யாரும் பார்க்கலாம். ஊர் நடுவே எழுந்து நிற்கும் பாறையின்மீது 1605-இல் நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு, 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து சேர்ந்தார். அவர் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் பெயரால்தான் நம் பேகம்பூர் பேகம்பூராயிற்று. பிரெஞ்சுக்காரர் துணையுடன் ஹைதர் இங்கே ஆயுதச் சாலை ஒன்றை அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயரைக் கலங்கச் செய்த மைசூர்ப் பீரங்கிப் படையின் அரிச்சுவடி நம்மூரில் எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. மலைமேல் மருந்தும் ஆயுதமும் வைத்திருந்த அறைகளின் சுவர்க் கனத்தையும், காற்றுப் புக விட்டிருக்கும் வழிகளையும் பார்த்து நாம் பலமுறை வியந்து நின்றதுண்டு. மருந்துக்கு ஈரமும் ஆகாது; வெப்பமும் ஆகாது. அதை அறிந்தவனே அந்தச் சுவரை எழுப்பியிருக்கிறான்.

ஆனால் சுவரைவிடக் கடினமானது மனிதனைப் பழக்குவது. நேற்றுவரை ஏர் பிடித்த கை, காகிதச் சுருளைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, கோலை வெளியே எடுத்து, அதன்பின் சுட வேண்டும். ஒரு படி முன்பின்னானாலும் வினைதான். ஆகவேதான் கட்டளைச் சொற்கள் பிறந்தன. திப்பு சுல்தான் காலத்தில் ஸைனுல் ஆபிதீன் ஷூஷ்தரீ பார்ஸியில் எழுதிய ‘பத்ஹுல் முஜாஹிதீன்’ என்னும் படைப்பயிற்சி நூலில் இத்தகைய கட்டளைகளும் ஒழுங்குகளும் உண்டு. வீரம் வேறு, ஒழுங்கு வேறு. வீரன் ஒழுங்கை மறந்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களம் சான்று. 1863-இல் போர் ஓய்ந்தபின் அங்கே பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுள் சுமார் 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றுள் பாதியில் இரட்டைக் கெட்டிப்பு. ஒன்றில் இருபத்து மூன்று கெட்டிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தனவாம்! சுட்டோமா இல்லையா என்பதையே அச்சத்தில் மறந்து போனார்கள்.

இத்தனையையும் நாம் எண்ணிப் பார்க்கக் காரணமானவர் ஓர் அம்மையார். அவருடைய மகன் நம்மிடம் ஓதியவர்; பொறியியல் படித்து, இப்போது மனைவி மக்களோடு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழ்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் அம்மையார் நம் வீடு தேடி வந்து, “ஹள்ரத், என் மகன் போனிலே மருந்து அளந்து போடக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான். இன்ஜினீயர் வேலை போய்விட்டதா? மருந்துக் கடையிலா நிற்கிறான்?” என்று கண்கலங்கக் கேட்டார். நாம் விசாரித்தோம். அவர் அங்கே குறி சுடும் மன்றம் ஒன்றில் சேர்ந்து, தம் கைத்துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே நிரப்பப் பழகுகிறார் என்று தெரிந்தது. இதை அம்மையாரிடம் எடுத்துரைத்தபோது, மருந்துக் கடையே மேலாக இருந்திருக்கலாம் என்பதுபோல் நம்மைப் பார்த்தார். “நீங்கள் ஓத வைத்த பிள்ளை. வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். அங்கே இரண்டு குழந்தைகள் இருக்கின்றன” என்றார்.

துப்பாக்கியின்மீது நமக்குப் பற்று ஒன்றும் இல்லை. ஆயினும் அறியாத ஒன்றை விலக்குவது கற்றவர்க்கு அழகன்று என்பதனால், அம்மாணவரிடமே அதன் முறையைச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். உஸ்தாதுக்குப் பாடம் நடத்தும் வாய்ப்பை அவர் விடுவாரா? ஒரு மணி நேரம் பேசினார்.

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் சிறு மூடி, மருந்து, குண்டு. சுட்டபின் எஞ்சும் கூடுதான் மீண்டும் பயன்படுவது. அதில் கீறல் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னர் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதிய மூடியைப் பொருத்தி, மருந்திட்டு, குண்டை அமர்த்த வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. இடர் இருப்பது மருந்தில். 1884-இல் பிரான்சு நாட்டு வியேய் கண்ட புகையில்லா மருந்து வந்த பிறகு, பழைய கருமருந்துக் கணக்குகள் செல்லாதனவாயின; எடைக்கு எடை அதன் ஆற்றல் மிகப் பெரிது. கைத்துப்பாக்கிக் கூட்டில் அது சிறு பகுதியையே நிரப்பும். ஆகவே ஒரே கூட்டில் அறியாமல் இரண்டு தடவை இட்டாலும் வழியாமல் அடங்கிவிடும். சுடும்போது துப்பாக்கி கையிலேயே சிதறும். மறந்துபோய் மருந்தே இடாவிட்டாலோ, மூடியின் பொறி மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள்ளேயே சிக்க வைத்துவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கெட்டிஸ்பர்க்கின் பிழை இன்றும் மேசைமேல் காத்திருக்கிறது!

அதனால் அவருக்குக் கற்பித்த முதியவர், முதல் மூன்று கிழமைகள் மருந்தையே தொட விடவில்லையாம். நூலைப் படி என்றாராம். மருந்து செய்வோர் சோதித்து வெளியிட்ட அளவு நூலில் உள்ளதன்றி வேறு எவர் வாய்ச்சொல்லையும் கொள்ளலாகாது. அதிலும் தொடக்க அளவிலிருந்தே ஏற வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துக் கலம்தான் இருக்க வேண்டும். மிஞ்சியதை அதே கலத்தில் இட்டு மூடிவிட வேண்டும். குண்டை அமர்த்துமுன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கொளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். அருகில் நெருப்போ பேச்சோ கூடாது. ஈயம் நஞ்சாதலால் கை கழுவாமல் எதையும் உண்ணலாகாது. நமக்கு இவற்றில் மிகவும் பிடித்தது, பேச்சுக் கூடாது என்பதுதான். யாரேனும் குறுக்கிட்டால், எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று ஊகிக்காமல், அந்தக் கூட்டைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். ஹிப்ளு மாணவன் ஓர் ஆயத்தில் தடுமாறினால், தொடக்கத்திலிருந்து ஓது என்கிறோம் அல்லவா?

எடையைக் கேட்டபோது ‘கிரெயின்’ என்றார். ஓர் இராத்தலில் 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லி கிராம். அது முதலில் ஒரு தானிய மணியின் எடையாகப் பிறந்தது என்று கேட்டதும் நமக்குள் ஒரு மகிழ்ச்சி. நம் பிக்ஹு நூல்களில் ‘ஹப்பா’ என்று வருவதும் அதுதானே! ஷாஃபிஈ நூல்களில் ஒரு மிஸ்கால் பொன் 72 வாற்கோதுமை மணி என்று ஸக்காத்துக் கணக்கில் ஓதிக் கொடுக்கிறோம். அந்த மணியின் உறவினர் ஒருவர் டெக்ஸாஸில் வெடிமருந்து அளக்கிறார்!

நம் நாட்டில் இக்கலைக்கு வீட்டில் இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். அங்கே சொந்தப் பயனுக்கு அது தடுக்கப்படவில்லை. நம் பக்கத்தில் இதன் துயரை அறியச் சிவகாசிப் பக்கம் திரும்பினால் போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பட்டாசு ஆலைகளில் விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே மருந்துக் கலவையை முடிப்பதும், பருத்தி உடையே உடுத்துவதும் அறிந்த செய்திகள். அறியாமல் அங்கு யாரும் சாவதில்லை. அவசரத்தால், அளவுக்கு மீறிய மருந்தால், ஒரே அறையில் கூடிய ஆட்களால் சாகிறார்கள்.

ஆகவே அம்மாணவரிடம் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டோம். “வேலை முடிந்து களைத்து வரும் இரவுகளில் இதில் உட்காருகிறீரா? அந்த மருந்தும் மூடிகளும் எங்கே இருக்கின்றன?” முதற்கேள்விக்குச் சற்று நேரம் பதில் இல்லை. பின்னர், இனி விடுமுறை நாள் காலையில் மட்டுமே என்றார். இரண்டாவதற்கு, கார் நிறுத்தும் கொட்டகையில் ஓர் அலமாரியில் என்றார். பூட்டு? வாங்க வேண்டும் என்றார்.

இதை அம்மையாரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு மாதம் கழித்து மகன் விடுப்பில் வந்தபோது, நாகல்நகர்ப் பக்கம் தமக்குப் பழக்கமான பட்டறையில் சொல்லிச் செய்வித்த கனத்த திண்டுக்கல் பூட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தார். “அலமாரிக்குப் போடு, அத்தா” என்றார். மகன் சிரித்துக்கொண்டே, அமெரிக்காவில் கிடைக்காத பூட்டா என்று கேட்டாராம். “இதற்கு இரண்டு சாவி. ஒன்று உனக்கு. மற்றது இங்கே என் பெட்டியில் இருக்கும்” என்றாராம் அம்மையார். பூட்டு இப்போது டெக்ஸாஸில் தொங்குகிறது. இரண்டாவது சாவியைச் சென்ற வெள்ளிக்கிழமைகூட நமக்குக் காட்டினார்.