எது வரைக்கும் கூட வரட்டும்?

மருந்துக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரில் யாருக்கு என்ன பயம் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். ஏற்காடு ஒண்டிக்கடையில் நெடுங்காலம் கடை நடத்தியவன் நான். கேஸ் மாத்திரை கேட்டு ஒருவர் வருவார். வாங்கிய பிறகும் நகரமாட்டார். "அப்படியே பிரஷர் பாக்க முடியுங்களா?" என்பார். பேச்சுக் கொடுத்தால் மெல்ல வரும்: "நெஞ்சு அடைக்குதுங்க. கை காலெல்லாம் வெலவெலத்துப் போகுது. நேத்து உசுரே போயிடும்போல இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துட்டு, ஒண்ணுமில்லை போங்கன்னுட்டாங்க."

இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் அது பாதிப் பதில். 'அப்போ எனக்கு வந்தது என்ன?' என்ற மீதிக் கேள்வியோடு அந்த மனிதர் வீடு திரும்புகிறார். யாரும் பதில் சொல்லாததால் அவரே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறார்: ஈசிஜியில் தெரியாத ஏதோ பெரிய நோய் என்று. பக்கத்து வீட்டார் காத்து கருப்பு என்கிறார்கள். அடுத்த மாதம் வேறொரு டாக்டர், வேறொரு ஸ்கேன், கையில் ஒரு தாயத்து. பணம் கரைகிறது. பயம் மட்டும் வளர்கிறது.

அவருக்கு வந்ததன் பெயர் பேனிக் அட்டாக். ஆபத்து என்று மூளை தவறாக எடுத்துக்கொண்டு உடம்பை உசுப்பிவிடுகிறது. சருகு அசைந்ததற்கே குரைத்துத் தீர்க்கும் காவல் நாயைப் போல. நாயின் குரைப்பு உண்மை, திருடன்தான் இல்லை. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கிவிடும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று எல்லோரும் அஞ்சுவார்கள். மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சரியும்போது வருவது. இதில் அழுத்தம் ஏறுகிறதே தவிர, சரிவதில்லை. எனவே விழுவது அபூர்வம்.

இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதை ஒரு சுழலாக விளக்கினார். நெஞ்சு துடிக்கிறது, 'மாரடைப்பு' என்று மனம் நினைக்கிறது, அந்த நினைப்பே துடிப்பைக் கூட்டுகிறது, கூடிய துடிப்பு, நினைத்தது சரிதான் என்று சாட்சி சொல்கிறது. இந்தச் சுழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று நோயாளிக்குப் புரிந்த நாளிலிருந்தே அதன் பிடி தளரத் தொடங்கும். அதனால்தான் விளக்கிச் சொல்வதையும் நான் வைத்தியத்தில் சேர்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நெஞ்சு வலித்தால், இது பதற்றம்தான் என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதக் கூடாது. சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள், நாற்பதைக் கடந்தவர்கள், வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுகிறவர்கள் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே மாதிரிப் படபடப்பைத் தரும். அவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, அதே சோதனையை மாதாமாதம் எடுப்பது சந்தேகத்துக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

எங்கள் மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்திலிருந்து, அதாவது 1820களிலிருந்து, இந்த மலையில் காபி விளைகிறது. குளிருக்கு நாளெல்லாம் காபி குடிப்பது எங்கள் வழக்கம். பேனிக் அட்டாக் வருகிறவர்களுக்கு அளவு மீறிய காபி படபடப்பைத் தூண்டிவிடும். குறைத்துப் பாருங்கள் என்று சொன்னதற்காக என்னை முறைத்த எஸ்டேட்காரர்கள் உண்டு.

அப்படிப்பட்ட எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒருவர், சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வரும்போது இந்தத் தாக்குதலுக்கு ஆளானார். எங்கள் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காது அடைக்கும், சிலருக்குக் குமட்டும். அந்தச் சாதாரண அசௌகரியத்தை அவர் மரண அறிகுறியாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு பஸ் வேண்டாம் என்றார். பிறகு சேலமே வேண்டாம் என்றார். மனைவி பக்கத்தில் இல்லாமல் கடைவீதிக்குக்கூட வருவதில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில்.

அந்த அம்மா பொறுமைசாலி. கணவர் எங்கே கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார். ஊரும் மெச்சியது. ஆனால் அந்தத் துணையே அவருடைய பயத்துக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை நல்லபடியாக வீடு திரும்பும்போதும் அவர் மனம் போட்ட கணக்கு, 'இவள் இருந்ததால் பிழைத்தேன்' என்பது. தன் உடம்பே தணிந்துகொள்ளும் என்பதைக் கண்டறிய அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவரைப் பார்த்த மனநல மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் அந்தச் சுழலை வரைந்து காட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படிப்பட்டியல் போட்டார்கள். முதலில் நிற்கிற பஸ்ஸில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பது. அடுத்து மைத்துனர் வண்டியில் 60 அடிப் பாலம் வரை போய் வருவது. பிறகு அடிவாரம் வரை, கோரிமேடு வரை. ஒரே ஒரு நிபந்தனை: பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடக் கூடாது. அது தணியும்வரை அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கும் பட்டியல் உண்டு. முதலில் பக்கத்து சீட், பிறகு இரண்டு சீட் தள்ளி, பிறகு முந்தின பஸ்ஸில் போய் சேலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பது. கடைசியில் வீட்டிலேயே இருப்பது. அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்திருக்கும்.

அட்டாக் வரும் நேரத்தில் கூட இருப்பவர் என்ன செய்வது? கூட்டம் சேர்க்க வேண்டாம், சோடா உடைக்க வேண்டாம், முகத்தில் காகிதப் பை வைத்து ஊதச் சொல்ல வேண்டாம். "தைரியமா இரு" என்ற உபதேசமும் வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கி பிடித்த சிப்பாய்களிடமே இதே மாதிரிப் படபடப்பையும் நெஞ்சு வலியையும் கண்டு, டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதிவைத்திருக்கிறார். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "இது அந்தப் படபடப்புதான். ஏறி இறங்கிடும். நான் இங்கேதான் இருக்கேன். மூச்சை மெதுவா வெளிய விடு" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும்.

மருந்து தேவைப்படுகிறவர்கள் உண்டு. டாக்டர் முதலில் எழுதும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்; ஆரம்ப நாட்களில் பரபரப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் நான்காம் நாளே நிறுத்திவிட்டு வந்தவர்கள் ஏராளம். குணமான பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து, டாக்டர் சொற்படி மெல்லக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் உடனே அமைதி தரும், சீக்கிரம் பழக்கமுமாகிவிடும். சீட்டில்லாமல் அதைக் கேட்டு வந்தவர்களிடம் கை விரித்ததில் எனக்குப் பகை உண்டு, வருத்தமில்லை.

வளர்ந்த மனிதரை டாக்டர் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, அவர் அங்கே இல்லாததுபோல வீட்டார் பேசுவதைப் பார்க்கிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. தன் நோய் என்ன, சிகிச்சை என்ன, மருந்தின் பக்கவிளைவு என்ன என்பதைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது. வெட்கப்படாமல் கேட்கலாம். மலையிறங்க முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இத்தகைய பொதுவான மனநலச் சிக்கல் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. அவர்களில் எத்தனை பேர் கேஸ் மாத்திரையோடு காலம் தள்ளினார்களோ!

அந்தக் கணக்கர் இப்போது சேலம் போய் வருகிறார். இடையில் ஒரு மழைக்காலத்தில் பழைய பயம் மறுபடி தலைகாட்டியது. "வந்துச்சுங்க, போயிடுச்சுங்க" என்றார், அவ்வளவுதான். மறுபடி வருவதைத் தோல்வி என்று எண்ணாமல், பட்டியலில் ஒரு படி கீழிறங்கித் தொடர வேண்டும் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கிழவன் சொல்வது இதுதான். "கூட வர்றியா?" என்று அவர் கேட்டால் மறுக்காதீர்கள். "வர்றேன், எது வரைக்கும்?" என்று திருப்பிக் கேளுங்கள். இடத்தை அவரே சொல்லட்டும். அடுத்த வாரம் அதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள்.