இரண்டு கையேடுகளும் 451 அடியும்

முதல் நாள், திங்கள்

அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. ஆனால் கனரக வாகனங்களைப் பொறுத்தவரை எந்த மாநிலமும் தளர்த்தக்கூடாத குறைந்தபட்ச விதிகளை நடுவண் அரசு வகுத்திருக்கிறது. கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிளுக்குரிய எம்1 உரிமத்தையும், டிரெய்லர் பூட்டிய லாரிக்குரிய வணிக ஓட்டுநர் உரிமத்தையும் ஒருசேர நாடும் தேர்வர் ஒருவர், சாலையில் ஓட்டிக்காட்டுவதற்கு முன் மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தில் அறிவுத் தேர்வுகளில் தேறியாக வேண்டும். அத்தகைய தேர்வர் ஒருவர் இரண்டு கையேடுகளை மாறிமாறிப் படித்த பன்னிரண்டு நாள்களின் பதிவே இக்குறிப்புகள்.

வணிக உரிமம் என்ற தனி ஏற்பாடு மிகப் பழையதன்று. 1986ஆம் ஆண்டின் வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, பல மாநிலங்களில் கார் உரிமம் வைத்திருந்தவர் அதைக் கொண்டே பேருந்தையும் டிரெய்லர் லாரியையும் ஓட்ட முடிந்தது. ஒரே ஓட்டுநர் பல மாநிலங்களில் உரிமம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றில் குற்றப்பதிவு ஏறியதும் இன்னொன்றை நீட்டித் தப்பிப்பதும் நடந்துவந்தது. ஒருவருக்கு ஓர் உரிமம்தான் என்று அச்சட்டம் கட்டிப்போட்டது. 1992 ஏப்ரல் 1 முதல் வணிக உரிமம் இல்லாதவர் இவ்வாகனங்களை ஓட்டக்கூடாது என்றானது.

தேர்வர் எடுத்துக்கொண்டது 'ஏ' வகுப்பு. வண்டியும் அது இழுக்கும் டிரெய்லரும் சேர்ந்த எடைத்தகுதி 26,001 பவுண்டோ (ஏறத்தாழ 11,800 கிலோ) அதற்கு மேலோ இருந்து, அதில் டிரெய்லரின் பங்கு மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் அவ்வகுப்பு வேண்டும். எடைத்தகுதி என்பது வண்டி அன்றைக்குச் சுமக்கும் எடையன்று, சுமக்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்த உச்ச எடை. ஆகவே வெறும் வண்டியை ஓட்டிச் சென்றாலும் வகுப்பு குறைவதில்லை. இவ்வகுப்புக்கு மூன்று தாள்கள்: முதல் தாளை 'பொது அறிவு' என்று மொழிபெயர்த்தால் தமிழ் வாசகருக்கு நதிகளும் தலைநகரங்களும் நினைவுக்கு வரக்கூடும் என்றாலும், அது எல்லாக் கனரக ஓட்டுநருக்கும் பொதுவான பாடமே, மற்ற இரண்டும் ஏர் பிரேக், இணைப்பு வாகனம் ஆகியவை பற்றியவை. எல்லாவற்றிலும் நூற்றுக்கு 80 தேவை.

இரண்டாம் நாள், செவ்வாய்

மோட்டார் சைக்கிள் கையேடு மெலிந்தது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். அதிலுள்ள அறிவுரைகள் பலவற்றுக்குப் பின்னால், கையேட்டில் பெயர் சொல்லப்படாத ஓர் ஆய்வின் நிழல் இருக்கிறது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 3,600 காவல்துறை அறிக்கைகளோடு ஒப்பிட்டு, 1981இல் வெளியிட்ட அறிக்கை அது. வேறொரு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் மோட்டார் சைக்கிளுக்குரிய வழியுரிமையைப் பறித்ததால் நேர்ந்தவை. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாமல் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்தை உணர்ந்து தப்பிக்க ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிக்கும் குறைவு. 'வழியுரிமை' என்பது யார் முதலில் செல்லலாம் என்று சட்டம் தரும் முன்னுரிமை. அது இருந்தும் உயிர் போகலாம் என்பதே அந்த அறிக்கை சொன்ன செய்தி.

எனவே கையேடு உரிமையைப் பற்றிக் குறைவாகவும் கண்ணில் படுவதைப் பற்றி மிகுதியாகவும் பேசுகிறது. ஒரு தடத்தை இடம், நடு, வலம் என மூன்று பாதைகளாகப் பிரித்து, பிறர் கண்ணில் எந்தப் பாதையில் நன்றாகப் படுவோமோ, எதில் சுற்றிலும் இடம் மிகுதியாக இருக்குமோ அதைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. சிக்னல் அருகே தடத்தின் நடுவில் நிற்கும் வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெய் படிந்திருக்கும் என்ற எச்சரிக்கை, கார் ஓட்டிப் பழகியவரின் கண்ணுக்கு எட்டாதது. நான்கு சக்கரத்துக்கு வெறும் கறையாகத் தெரிவது இரண்டு சக்கரத்துக்கு வழுக்குப்பாறை.

நான்காம் நாள், வியாழன்

வணிகக் கையேட்டின் நிறுத்தத் தொலைவு பற்றிய பகுதி. மற்றப் பகுதிகளைவிட இதில் தேர்வர் நெடுநேரம் தங்க நேர்ந்தது, தங்கவும் வேண்டும்.

நிறுத்தத் தொலைவு என்பது பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் மட்டுமன்று. மணிக்கு 55 மைல் (ஏறத்தாழ 88 கிலோமீட்டர்) வேகத்தில், கண் கண்டதை மூளை ஆபத்து என்று உணர 1¾ வினாடி செல்கிறது, அதற்குள் வண்டி 142 அடி ஓடிவிடுகிறது; முடுக்கியிலிருந்து கால் பிரேக்குக்கு மாற முக்கால் வினாடி, 61 அடி; பிரேக் பிடித்து நிற்க 216 அடி; ஆக 419 அடி. ஏர் பிரேக் வண்டியில் இன்னொன்றும் சேர்கிறது: மிதியை அழுத்தியதும் காற்று குழாய்கள் வழியே சக்கரங்களை எட்ட அரை வினாடியோ மேலோ ஆகிறது, அந்தப் பின்னடைவு உலர்ந்த சாலையில் 32 அடி. கூட்டினால் 451 அடி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட லாரிகளுக்கும், டிரெய்லர் இழுக்கும் எந்த வாகனத்துக்கும் கலிபோர்னியாவில் உச்ச வேகம் இந்த 55 மைல்தான் என்பதால், இக்கணக்கு அங்கே வெறும் எடுத்துக்காட்டன்று, சட்டத்தை மீறாத ஓட்டுநர் ஒருவரின் அன்றாடம்.

இதே கையேட்டின் பழைய பதிப்புகளில் இக்கணக்கு 60, 60, 170 என்று பிரிக்கப்பட்டு மொத்தம் 290 அடியாக இருந்தது. பிரேக்குகள் கெட்டுப்போய்விடவில்லை, மூன்றில் மிகுதியாக வளர்ந்தது முதல் எண்தான், 60 அடி 142 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் இயந்திரத்தின் மீதான நம்பிக்கையைவிட மனிதனின் கவனத்தின் மீதான நம்பிக்கையே கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்று இதைக் கொள்ளலாம்.

வெற்று லாரி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும் என்ற செய்தியும் இப்பகுதியில்தான் வருகிறது. சுமை ஏறிய வண்டிதான் நிற்கத் திணறும் என்பது பொதுப் புத்தி. ஆனால் கனரக வண்டியின் பிரேக், டயர், ஸ்பிரிங் எல்லாம் முழுச் சுமைக்கென வடிவமைக்கப்பட்டவை ஆதலால், சுமையில்லாதபோது சக்கரத்தின் பிடிமானம் குறைந்து வண்டி துள்ளுகிறது, சக்கரம் பூட்டிக்கொள்கிறது. மாதிரித் தாளில் தேர்வர் தவறவிட்ட முதல் வினா இதுவே.

ஐந்தாம் நாள், வெள்ளி

மோட்டார் சைக்கிள்: வலப்பக்கம் திரும்ப வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். மிதிவண்டியில் குழந்தைப் பருவம் முதல் உடல் அறிந்து செய்துவரும் ஒன்றைச் சொல்லாக எழுதிப் பார்த்தால் பொய்யாகத் தோன்றுகிறது. நிறுத்தும் திறனில் 70 விழுக்காட்டுக்கு மேல் முன் பிரேக்கினுடையது என்பதும் இன்றைய பாடம். ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளில் பலர் முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கியிருந்தனர்.

ஏழாம் நாள், ஞாயிறு

ஏர் பிரேக் தாளில் தவறினால் உரிமத்தில் 'எல்' என்ற எழுத்து ஏறும். ஏர் பிரேக் உள்ள வணிக வாகனம் எதையும் ஓட்ட முடியாது என்பது அதன் பொருள், அதாவது பெரும்பாலான வேலைகள் கைநழுவும். எண்கள் செறிந்த தாள் இது; மனப்பாடத்துக்கு எளிதில் அடங்காதது.

கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்புகிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 125 பவுண்டு ஆனதும் கவர்னர் என்னும் கருவி அதை நிறுத்துகிறது, 100 அளவுக்கு இறங்கியதும் மீண்டும் ஓடவிடுகிறது. மிதியை அழுத்தினால் காற்று சக்கரத்தருகே உள்ள அறைக்குள் பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஒரு நெம்பைத் திருப்ப, அதனோடு திரும்பும் ஆங்கில 'எஸ்' வடிவக் கேம் பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. புதியவரைத் தடுமாறச் செய்வது நிறுத்தப் பிரேக்: அதைப் பிடிப்பது காற்றன்று, வலிய ஸ்பிரிங். ஓடும்போது அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதே காற்றின் வேலை. ஆகவே காற்று முழுதும் போய்விட்டால் பிரேக் போவதில்லை, பிடித்துக்கொள்கிறது. ரயிலுக்கு ஏர் பிரேக் செய்து 1869இல் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடிக்கும் ஏற்பாட்டை 1872இலேயே கொண்டுவந்துவிட்டார். பொறியமைப்பு வேறானாலும் காற்றிழப்பே வண்டியை நிறுத்த வேண்டும் என்ற சிந்தனை அவருடையதே.

பிற்பகலில், பயிற்சி வளாகமொன்றில் நின்ற லாரியில் சோதனை செய்து காட்டப்பட்டது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, நிறுத்தப் பிரேக்கை விடுவித்து, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபோது அழுத்தமானியின் முள் ஏறக்குறைய அசையாமல் நின்றது. தனி வண்டியில் 3 பவுண்டும் இணைப்பு வண்டியில் 4 பவுண்டும்தான் இறங்கலாம். பிறகு சாவியைத் திருப்பி, மிதியை மீண்டும் மீண்டும் அழுத்தினால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு சீற்றல், முள்ளில் ஒரு படி இறக்கம். 55க்குக் கீழே இறங்குமுன் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வந்தாக வேண்டும், வந்தன. அவ்வொலியைப் பொருட்படுத்தாமல் மேலும் அழுத்த, 20க்கும் 45க்கும் இடையே எங்கோ, டேஷ்போர்டில் இருந்த நிறுத்தப் பிரேக்கின் சதுரக் குமிழ் யாரும் தொடாமலே 'டக்' என்று வெளியே தெறித்தது. மூன்று நாளாக நினைவில் நிற்க மறுத்த எண்கள் அந்த ஓசைக்குப் பின் மறக்கவில்லை.

எட்டாம் நாள், திங்கள்

விரைவாகக் கடந்தவை: சரக்கின் ஒவ்வொரு 10 அடி நீளத்துக்கும் ஒரு கட்டு, எவ்வளவு சிறிய சரக்கானாலும் குறைந்தது இரண்டு, முன் டயரின் பள்ளம் ஓர் அங்குலத்தின் 32இல் 4 பங்கு ஆழம், மற்றவற்றில் 2 பங்கு, பழுதாகி நின்றால் 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணங்கள்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்

இன்று மாதிரி வினாத் தொகுப்புகள். தேர்வுக்கு முன் இவற்றைப் புரட்டாதவர் அரிது. கையேட்டைத் திறக்காமல் இவற்றை மட்டுமே உருப்போட்டுத் தேறிவிடுவோரும் உண்டு. தேர்வர் எடுத்த ஒரு தொகுப்பு நிறுத்தத் தொலைவுக்கு இன்னும் ஏறத்தாழ 300 அடி என்றும், காற்றழுத்த எச்சரிக்கைக்கு 55க்குப் பதிலாக 60 என்றும் பழைய பதிப்பின் விடைகளையே சரியெனக் காட்டிக்கொண்டிருந்தது. தவறான விடையால் ஒரு மதிப்பெண் போவது சிறிய இழப்பு. விடையின் எழுத்து எது என்று மட்டும் தெரிந்து, எண் ஏன் அப்படி என்று தெரியாமல் 80,000 பவுண்டு எடையை நெடுஞ்சாலையில் இறக்குவதோ அத்தனை சிறியதன்று.

மதுவைப் பற்றிய வினாக்கள் மட்டும் எந்தத் தொகுப்பிலும் பழசாகவில்லை. மோட்டார் சைக்கிளில் செல்லும் 21 வயது கடந்தவருக்குக் கலிபோர்னியாவில் இரத்த மது வரம்பு 0.08 விழுக்காடு, வணிக வாகனத்தில் அதில் பாதி, 0.04. அதற்குக் குறைவாக, கண்டறியக்கூடிய அளவு இருந்தாலே 24 மணி நேரம் வண்டியைத் தொட முடியாது. வணிக உரிமம் வைத்திருப்பவர் விடுமுறை நாளில் சொந்த மோட்டார் சைக்கிளில் போதையில் ஓட்டிக் குற்றவாளியானாலும், குறைந்தது ஓராண்டுக்கு லாரி ஓட்டும் தகுதியை இழக்கிறார்.

பதினோராம் நாள், வியாழன்

இரு கையேடுகளையும் ஒரே மேசையில் அருகருகே விரித்துப் படித்ததன் பயன் இன்று கிடைத்தது. இரண்டும் ஒரே நிகழ்வை இரண்டு இருக்கைகளிலிருந்து எழுதியவை.

அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்வதால், தமிழ்நாட்டு ஓட்டுநருக்கு இடத் திருப்பம் எப்படியோ அப்படியே அங்கே வலத் திருப்பம்தான் குறுகலானது. டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்வாங்கி ஓடும் என்பதால் லாரி ஓட்டுநர் அகலமாகத் திரும்பியாக வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே இடப்புறம் ஒதுங்கக்கூடாது, திருப்பத்தை முடிக்கும்போதுதான் அகலிக்க வேண்டும் என்கிறது வணிகக் கையேடு. ஏனெனில் தொடக்கத்தில் ஒதுங்கினால், லாரி இடப்புறம் திரும்புகிறது என எண்ணிப் பின்னால் வருபவர் வலப்புற இடைவெளியில் நுழைந்துவிடுவார். அந்த 'பின்னால் வருபவர்' யார் என்பதற்கு மோட்டார் சைக்கிள் கையேட்டில் விடை இருக்கிறது: பெரிய வண்டியின் பக்கவாட்டில் தங்காதே என்று அது எச்சரிப்பது அவரைத்தான். தடங்களுக்கு இடையே புகுந்து செல்வதை மோட்டார் சைக்கிளுக்குச் சட்டத்தின் எழுத்திலேயே முதலில் ஏற்ற மாநிலம் கலிபோர்னியா. 2016இல் நிறைவேறிய அச்சட்டம் 2017 முதல் நடப்பில் உள்ளது. அதனால் இந்தச் சந்திப்பு அங்கே நாள்தோறும் நிகழ்வது.

ஹர்ட் குறித்த 2 வினாடியையும் வணிகக் கையேட்டின் 1¾ வினாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வேறொன்றும் புலப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வருபவருக்குத் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் முழுதும் தீரும் தறுவாயில்தான், லாரி ஓட்டுநர் தன் கண் கண்டது இன்னதென்று உணர்ந்து முடிக்கிறார். அவருடைய கால் இன்னும் முடுக்கியின் மேலேயே இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளி

பொது அறிவில் 50 வினாக்களுக்கு 46, ஏர் பிரேக்கில் 25க்கு 24, இணைப்பு வாகனத்தில் 20க்கு 17. மோட்டார் சைக்கிள் தாளும் தேறியது. ஏர் பிரேக்கில் தவறிய ஒன்று, தண்டின் தளர்ச்சியைக் கையால் இழுத்துப் பார்க்கையில் எத்தனை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. விடை ஓர் அங்குலம்.

வணிகப் பழகுநர் அனுமதியைக் குறைந்தது 14 நாள் கையில் வைத்திருந்த பிறகே ஓட்டிக்காட்டும் தேர்வுக்குச் செல்ல முடியும். 2022 பிப்ரவரி 7 முதல், பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் தொடக்கநிலைப் பயிற்சியை முடித்திருப்பதும் கட்டாயம். தேர்வருக்கு ஒரே நாளில் கிடைத்த இரண்டு அனுமதிகளிலும் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருந்தன. லாரிக்குரியதில், உரிய உரிமம் உள்ள ஒருவர் முன்இருக்கையில் பக்கத்தில் அமர்ந்திருந்தாலன்றி வண்டியை நகர்த்தக்கூடாது. மோட்டார் சைக்கிளுக்குரியதில், இரவில் ஓட்டக்கூடாது, நெடுவிரைவுச் சாலையில் ஏறக்கூடாது, பின்னால் எவரையும் ஏற்றக்கூடாது.